வரப்பு சரி, மடைய அடச்சியா?

ஏல பேராண்டி, வாசல்ல ஒண்ணு, தொழுவத்துல ஒண்ணுன்னு காமிரா மாட்டிட்ட. நல்லது. திருடன் வந்தா பதிவாகும். அவன் வராத நாள்ல ஒங்க ஆச்சி எப்ப கெளம்புதா, எப்ப வாராங்குறது பதிவாகும்.

நீ பேங்கு கணக்கு பாக்குற லேப்டாப்பும் அதே வைஃபைலதான கெடக்கு? காமிராவுல பாஸ்வேர்டு மாத்துனியாலேன்னா பல்லக் காட்டுத. 2016-ல மிராய்னு ஒரு சனியன் கெளம்பிச்சு. பெரிய வித்தையெல்லாம் அதுக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த பேரும் பாஸ்வேர்டும் ஒரு 60 ஜோடி மனப்பாடம், அவ்வளவுதான். அத வச்சி ஊரு ஊரா காமிரா கதவத் தட்டிச்சு. ஒன்ன மாதிரி ஆளுக ஒலகம் பூரா இருந்தானுவ, லட்சக்கணக்குல தொறந்துச்சு. அந்த அக்டோபர் 21-ந் தேதி எல்லாமாச் சேந்து, பேரச் சொன்னா தளத்துக்கு வழி காட்டுற டைன்ங்குற அமெரிக்கக் கம்பெனிய மொத்துனதுல ட்விட்டரு, நெட்ஃபிளிக்ஸுன்னு பெரிய தலையெல்லாம் அங்கன படுத்துட்டு. சனியன மொதல்ல எழுதுனது யாருங்குத? காலேஜ் வயசுப் பயலுவ.

"அதுக்குத்தான் தாத்தா வீலான் போட்டுட்டேன்"னு நெஞ்ச நிமித்துத. போட்டுட்டியா! ஒவ்வொரு பொட்டலத்துலயும் நாலு பைட் சீட்டு ஒட்டி, அதுல 12 பிட்ல நம்பர் எழுதி, ஒரே நெட்வொர்க்க 4094 பாத்தி வரைக்கும் பிரிக்கலாம். 1998-லயே 802.1க்யூன்னு தரம் வகுத்து வச்சிட்டாவ. ஒனக்கு வேண்டியது ரெண்டு.

வரப்பு போட்ட, சரி. மடைய அடச்சியா? ரெண்டு பாத்திக்கும் நடுவுல ராவுட்டர் உக்காந்திருக்கான்லா, நீ வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லலன்னா அந்தப் பக்கத்த இந்தப் பக்கம் கொண்டு சேக்குறது அவனுவள்ல முக்காவாசிப் பேருக்குச் சுபாவம். ஃபயர்வால்ல எழுது: வீட்டுப் பக்கம் கூப்பிட்டா காமிரா பதில் சொல்லலாம், தானாக் கூப்பிடக் கூடாது. பதிவு வீட்டுலயே ஆகுதுன்னா இன்டர்நெட்டும் அதுக்கு எதுக்கு? நேரத்த மட்டும் ராவுட்டர்கிட்ட கேட்டுக்கிடட்டும், இல்லன்னா திருடன் வந்தது ராத்திரியா பகலான்னு போலீஸ்ல நீ முழிப்ப. முக்கியமா, ராவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்த காமிரா பக்கம் இருந்து தொறக்க முடியாம பண்ணு. விதியெல்லாம் எழுதிட்டு சாவிய அங்கனயே வைக்கிற புத்திசாலி நம்ம வம்சத்துல நெறைய உண்டு. யூபிஎன்பியையும் அமத்து. இல்லன்னா காமிராவே உள்ள இருந்துக்கிட்டு வெளிவாசலத் தொறந்து விடும்.

சந்தையில வெலை மலிவா வாங்குன அஞ்சு போர்ட்டு ஸ்விட்சு இருக்கே, அதுக்கு வீலான் நம்பரப் பாத்துப் பிரிக்கத் தெரியாது. மேனேஜ்டுன்னு கேட்டு வாங்கு. மனசில்லன்னா இருக்குற ராவுட்டர்ல கெஸ்ட் வைஃபைய போட்டு காமிராவ அதுல தள்ளு. பாதி வேலை முடிஞ்சிரும், பீத்திக்கத்தான் முடியாது.

முடிச்ச பொறவு லேப்டாப்ப காமிரா வைஃபைல மாட்டி, வீட்டுப் பக்கத்துக்குப் பிங் போட்டுப் பாரு. பதில் வந்துச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காத.

அந்த டிவியவும் தனியா தள்ளப் போறியா? தள்ளு. ஆனா போன்ல இருந்து டிவியக் கண்டுபிடிக்குற எம்டிஎன்எஸ் சத்தம் வரப்பு தாண்டாது, அதுக்குத் தனியா ரிப்பீட்டர் வைக்கணும். ஆச்சி சீரியல் பாக்குறதே போன்ல இருந்து டிவிக்கு அனுப்பித்தான். அந்த வேலைய ராத்திரி ஏழுல இருந்து ஒம்பதுக்குள்ள மட்டும் தொடாத. சோறு நின்னா எனக்கும் சேத்துதாம்லே நிக்கும்.