இடித்துவிட்டீர்களே, ஐயா!

அனுப்புநர்: டெட்ராய்ட்டின் புறநகரான நோவையில் புல்வெளி வைத்த வீட்டில் குடியிருக்கும் ஓர் இடிபாட்டு ரசிகன்.

பெறுநர்: டெட்ராய்ட் மாநகராட்சி, மிச்சிகன்.

பொருள்: 24 ஆண்டுகள் மட்டுமே முன்னறிவிப்புக் கொடுத்து, பேக்கார்ட் கார் ஆலையை அவசர அவசரமாக இடித்தது தொடர்பாக.

ஐயா,

ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் சுமார் 35 லட்சம் சதுர அடியில் பரந்து கிடந்த எங்கள் ஆலையின் மீது 2022 செப்டம்பரில் கை வைத்தீர்கள். 2024 முடிவதற்குள் ஆலையின் பெரும்பகுதி தரைமட்டம். ‘எங்கள்’ என்று உரிமை கொண்டாடுவதைத் தவறாக நினைக்க வேண்டாம். டிக்கெட் இல்லை, கேட்க ஆள் இல்லை, வேலியில் ஆள் நுழையும் ஓட்டை எப்போதும் உண்டு. இதைவிட ஒரு பொதுச் சொத்தை எப்படி நடத்த முடியும்?

ஆலையின் பழம்பெருமை எனக்கும் தெரியும். 1903இல் தொடங்கியது. ஆல்பர்ட் கான் வடிவமைத்தது. 1905இல் அவர் எழுப்பிய பத்தாம் எண் கட்டடம், கம்பி கட்டிய கான்கிரீட்டில் கார் ஆலை கட்டுவதற்கு முன்னோடி. பணக்காரர்களின் சொகுசு கார்களும், இரண்டாம் உலகப் போரில் மெர்லின் விமான எஞ்சின்களும் இங்கிருந்து போயின. இருக்கட்டும். ஆலை ஓடிய காலத்தில் யாராவது முக்காலியும் கேமராவும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்களா? 1950களின் நடுவில் கார் தயாரிப்பு நின்ற பிறகுதானே அந்த இடத்துக்குக் களையே வந்தது!

உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கூரையில் மரம் வளர்ந்திருக்கும். ஓட்டை வழியே பனி கொட்டித் தளத்தில் குவிந்திருக்கும். ஒரு மூலையில் யாரோ கொண்டுவந்து போட்ட படகு, இன்னொரு மூலையில் ஜோடி சேராத ஷூக்கள். லிஃப்ட் போய்விட்டது, அதன் குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். டார்ச் அடிக்காமல் கால் வைத்தால் அதோடு சரி. தூண்களில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். இன்று தெரிந்த கம்பி நாளைக்கு இருக்காது, காயலான் கடைக்குப் போயிருக்கும். அந்தத் தூண்தான் மேல் மாடியைத் தாங்குகிறது என்பதெல்லாம் அறுத்தவர் கவலையல்ல. உங்கள் கவலையாகவும் அது தெரியவில்லை.

1998 வாக்கில் இடிக்கிறோம் என்று கிளம்பினீர்கள். ஆலை யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் இழுபறியாகி வேலை நின்றது. அப்புறம் இடிப்பு வருது, இடிப்பு வருது என்ற பேச்சுதான். புலி வருது கதை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் உங்கள் ஊரில் இடிப்புக்கு முந்தி புலியே வந்துவிட்டது. 2015இல் ஒரு புகைப்படக்காரர் படப்பிடிப்புக்காக நிஜப் புலியை உள்ளே கொண்டுவந்தார். அது மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. ஒருவர் புல்வெட்டும் மெஷினை உறுமவிட்டு அதை விரட்டப் பார்த்தார். போலீசும் வந்தது. உங்கள் பேஸ்பால் அணிக்கு டைகர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, ஊருக்குள் வந்த ஒரே புலியையாவது மரியாதையாக நடத்தியிருக்கலாம்.

2010இல் தெரு ஓவியர் பேங்ஸி ஆலைக்கு வந்து, பெயின்ட் டப்பாவோடு நிற்கும் ஒரு சிறுவனைச் சுவரில் வரைந்துவிட்டுப் போனார். ஓர் ஓவியக்கூடத்தார் சுவரையே அறுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். காப்பாற்றத்தான். காப்பாற்றிய சுவர் 2015இல் ஏலத்தில் 1,37,500 டாலருக்குப் போனது. முழு ஆலைக்கு 2013இல் கவுண்டி வைத்த கடைசி ஏலத்தில் ஆரம்ப விலை 21,000 டாலர். டெக்சாஸ் டாக்டர் ஒருவர் 60 லட்சத்துக்கு மேல் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் விட்டார். கடைசியில் பெருவில் தொழில் செய்பவர் 4,05,000 டாலருக்கு எடுத்தார். ஆலையைச் சுவர் சுவராக விற்றிருந்தால், அந்த வருடம் நீங்கள் திவாலே ஆகியிருக்க வேண்டாம்.

அந்தப் பெரு முதலாளி செய்த ஒரு காரியத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். சாலைக்கு மேலே ஆலையின் இரு கட்டடங்களை இணைத்த பாலம் உதிர்ந்துகொண்டிருந்தது. 2015இல் அதன்மேல் ஒரு பெரிய திரையைக் கட்டினார். திரையில் என்ன படம்? அதே பாலம், புதிதாக இருந்தபோது! பேனர் கலையில் கரைகண்ட எங்கள் தமிழ்நாட்டுக் கட்சிக்காரர்களுக்குக்கூட இது தோன்றியதில்லை. 2019 ஜனவரியில் பாலம் சாலையில் விழுந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் கீழே யாரும் இல்லை.

அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் பற்றியும் ஒரு புகார். ஆலையில் அடிக்கடி தீப்பிடிக்கும்; புகை வருகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை எதிர்வரிசைப் பாட்டி ஒருவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்க தெருவிளக்கு எரியாம கிடக்கு, அதையும் ஒரு படம் எடேன்” என்றார். எரியாத விளக்கில் என்ன கலை இருக்கிறது? நகரத்தில் பத்துக்கு நாலு விளக்கு எரியாத காலம் அது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தீயைப் படமெடுத்திருந்தேன், அதற்கு நல்ல வரவேற்பு.

இனி நான் எங்கே போவது? 1988இல் மூடிய மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தே விட்டது. வாசல் வழியாகவே உள்ளே போகலாமாம். வாசல் வழியாகப் போக நான் எதற்கு? ஃபிஷர் பாடி 21 ஆலையைப் பற்றிக் கேட்டால், அதை அடுக்குமாடி வீடுகளாக்கும் திட்டமாம்.

ஆகவே, அடுத்து எந்தக் கட்டடத்தைக் கைவிடப் போகிறீர்கள் என்பதை இப்போதே தெரிவித்தால், லென்ஸ் வாங்க வசதியாக இருக்கும். சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களை முன்கூட்டியே வேறெங்காவது அனுப்பிவிடுங்கள். படத்துக்குக் குறுக்கே வருகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
இடிபாட்டு ரசிகன்