சராசரிக்காரத் தம்பிக்கு

வாரும் தம்பி, வாடிக்குள்ள நிழல் இருக்கு, இரும். அந்தப் படிவத்தை ஒருக்கால் வைச்சிட்டு பிளேன்ரீயைக் குடியும்.

"மன்னார் மீனவரின் சராசரி நாள் வருமானம்" எண்டு தலைப்பே போட்டுக்கொண்டு வந்திட்டீர். நல்லது. நாலு வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டி, அவரிட்டப் பங்குக்குப் போற பெடியன், கரைவலை இழுக்கிற கிழவன் நான். மூண்டு பேரையும் கூட்டி மூண்டால பிரிச்சால் நான் பணக்காரன். அதைக் கடைக்காரனிட்டக் காட்டி என்ர கடன் கொப்பியைக் கிழிப்பிச்சுத் தாருமன்!

சோளகம் எழும்பினால் வங்காலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். பேசாலைக்காரன் தொழிலுக்குப் போவான். வாடைக்கு மாறி நடக்கும். ரெண்டு ஊரையும் ஒரே கூடையில கொட்டினால், மன்னாரில காத்தே அடிக்கிறதில்லை எண்டு முடிவு வரும். அதுக்கும் பட்டம் தருவினம்.

இந்தச் சராசரிக் கிடங்கில பெரிய ஆக்களே விழுந்திருக்கினம். 1891க்குப் பிறகு 1903 வரைக்கும் இந்தக் கடலில முத்துக் குளிக்கிற சலாபம் இல்லை. 1905இல 8 கோடிக்கு மேல சிப்பி. அதைக் கண்டு அடுத்த வருசமே வெள்ளைக்காரக் கம்பனி ஒண்டு, வருசத்துக்கு 3,10,000 ரூபா எண்டு 20 வருசக் குத்தகைக்கு முத்துச் சிப்பிப் பார்களை எடுத்துது. குத்தகைப் பணம் வருசம் தவறாது. சிப்பிக்கு அந்த ஒப்பந்தம் தெரியுமே? 1907க்குப் பிறகு கடல் கையை விரிச்சுது, கம்பனி கலைஞ்சுது.

முந்தின துரைமார் கெட்டிக்காரர். முத்துக் குளிக்க முந்தியே பார் பாராய் மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு முத்தெண்டு தனித்தனியாய் மதிச்சவை.

நீரும் அப்பிடிச் செய்யும். ஒரே ஆளை ரெண்டு காத்திலயும் திரும்பத் திரும்பக் கேளும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேற, அதே ஆளுக்கு நாளுக்கு நாள் வித்தியாசம் வேற. எந்த ஊர், எந்தச் சம்மாட்டி எண்டும் குறியும். உங்கட கணினியில கலப்பு மாதிரி எண்டொரு முறை இருக்காமே? ரெண்டு நாள் மட்டும் வாய் திறந்தவன்ர கணக்கை அது ஊர்க் கணக்குப் பக்கம் இழுத்துவிடும். நெடுகக் கதைச்சவனை அவன்ர போக்கில விடும். வாயாடிகளை மதிக்கிற கணக்கு அது ஒண்டுதான், எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப உம்மட படிவத்தில முதல் கேள்வியை வெட்டும். "நேற்று என்ன பட்டது?" எண்டு எழுதும். நேற்று நான் கடலுக்குப் போகேல்லை. சுழியம் எண்டு போடும். ஆனால் சம்மாட்டியின்ர மீனோட கூட்டிப்போடாதேயும், அது என்ர சொந்தச் சுழியம்.