ஒரு கை வைக்கோல்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ். நான் தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன். என் மனைவி பூண்டி மாதா கோயில் பக்கத்து ரோமன் கத்தோலிக்கம். கல்யாணம் பேசும்போது இரண்டு தரப்புப் பெரியவர்களும் மார்ட்டின் லூத்தரில் ஆரம்பித்துப் போப்பாண்டவர் வரை எல்லாவற்றையும் அலசினார்கள். டிசம்பர் 24 ராத்திரி யார் எப்போது தூங்குவது என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அவள் கோயிலில் திருப்பலி இரவு பதினொன்றரைக்கு. என் கோயிலில் ஆராதனை விடிகாலை நாலரைக்கு. முதலாவது முடிந்து, எல்லாரிடமும் கைகொடுத்து, வீடு வந்துசேர இரண்டு மணி. இரண்டாவதற்குக் கிளம்ப மூன்றரை. நடுவில் மிஞ்சுகிற ஒன்றரை மணி நேரத்தில்தான் பிரியாணிக்கு வெங்காயம் உரித்து, பிள்ளைகளின் புதுச்சட்டையில் தையற்காரர் வைக்க மறந்த பொத்தான்களை வைத்து, தேவதூதர்கள் அறிவித்த சமாதானத்தையும் அனுபவித்தாக வேண்டும்.

சமாதானம் என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் சிக்கல். வேதாகமத் தமிழில் அது மனசின் அமைதி. வீட்டுத் தமிழில் நான் தப்புச் செய்துவிட்டு மனைவியிடம் சொல்கிற காரணம். டிசம்பர் மாதத்தில் இரண்டாவது வகை எங்கள் வீட்டில் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொரு சொல்லாலும் ஒரு தடவை வினை வந்தது. எங்கள் சபையில் போதகரை ‘ஐயர்’ என்பது பழைய வழக்கம். ஸ்வார்ட்ஸ் ஐயர், சீகன்பால்கு ஐயர் என்றுதான் தாத்தா காலத்திலிருந்து பேச்சு. பக்கத்து வீட்டுக்கு ஒரு மாமி புதிதாகக் குடிவந்திருந்தார். நான் வாசலில் நின்றுகொண்டு போனில் கறிக்கடைக்காரரிடம், “நாளைக்கு ஐயர் சாப்பிட வர்றாரு, மட்டன் அரைக் கிலோ கூடப் போடுங்க, நெஞ்செலும்பு அவருக்குப் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டேன். மாமி இரண்டு நாள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஐயரை நேரில் அறிமுகம் செய்துவைத்த பிறகுதான் தெருவில் மறுபடி சமாதானம்.

பலகாரக் கணக்கு தனி. தீபாவளிக்குப் பதினோரு வீட்டிலிருந்து தூக்குவாளியும் டிபன் பாக்ஸும் வந்தன. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஆகவே ஐப்பசியில் வந்த பாத்திரங்கள் மார்கழி வரை எங்கள் பரணில் காத்திருக்கும். அதிரசப் பாகு பதம் தப்பினால் அந்தப் பதினொன்றும் பொங்கல் வரை காத்திருக்கும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற அந்த நேரத்தில் என் மனைவி முகத்தில் தெரிகிற பயபக்தியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

இதெல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான். போன கிறிஸ்துமஸுக்குப் புதிதாகச் சேர்ந்தது வைக்கோல்.

குடில் என் மனைவியின் சீதனம். சுரூபங்கள் எல்லாம் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தவை. ஒரு ஆட்டுக்கு மட்டும் காது கிடையாது. பாலகன் படுக்கிற இடத்தில் நிஜ வைக்கோல்தான் போட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கடையில் விற்கிற பச்சைக் காகிதப் புல் கூடாது. இத்தனை வருஷம் மாமனாரே ஒரு கத்தை கொடுத்தனுப்பிவிடுவார். அந்தத் தடவை மாட்டை விற்றுவிட்டார். “நீங்களே அங்க பாத்துக்குங்க மாப்ளே, தஞ்சாவூர்ல வைக்கலுக்கா பஞ்சம்?” என்றார்.

பஞ்சம்தான். நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் போடுகிறார்களே, அங்கே டிசம்பர் மாதத்தில் காய்ந்த வைக்கோல் தேடிப் பார்த்தால்தான் தெரியும். குறுவை அறுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மெஷின் அறுத்துப் போட்டதை இன்னொரு மெஷின் உருளையாகச் சுருட்டி, லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டது. மிச்சம் கிடந்தது அடைமழையில் மக்கிவிட்டது. சம்பாவோ தை பிறந்தால்தான் அறுப்பு. பாலகன் டிசம்பரில் பிறக்கிறார். எங்கள் சாகுபடிப் பருவத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

24-ஆம் தேதி மத்தியானம் திருவையாறு சாலையில் வண்டியை விட்டேன். ஒரு டீக்கடையில், “வைக்கோல் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“எத்தனை கட்டு வேணும்?”

“ஒரு கை.”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வண்டி ஓட்டுகிறபோது தேவையில்லாத யோசனையெல்லாம் வரும். 1781-இல் ஹைதர் அலியின் படை வந்தபோது தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் தெருவில் விழுந்து செத்தார்கள். வெளியே நெல் இருந்தது, கொண்டுவர மாடில்லை. முன்னே வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் ஏய்த்ததால் குடியானவர்கள் அரண்மனையின் பேச்சை நம்பத் தயாராக இல்லை. அப்போது தஞ்சாவூரில் மிஷனரியாக இருந்த ஸ்வார்ட்ஸ் ஐயர், நான் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆயிரம் மாடுகள் வந்தன. சீக்கிரமே 80,000 கலம் நெல் உள்ளே வந்து சேர்ந்தது. சொன்னபடி அத்தனை பேருக்கும் கூலி கொடுத்தார். அவரும் லுத்தரன், நானும் லுத்தரன். என்னால் ஒரு கை வைக்கோல் கொண்டுவர முடியவில்லை.

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று மூன்று ஆறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரத்தில் ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்று தெரிந்தது; ஓடி ஒதுங்கினேன். உள்ளே ஒரு பசு, ஒரு கன்று, ஒரு ஆயா. மேலே பரணில் காய்ந்த வைக்கோல்.

விஷயத்தைச் சொன்னேன்.

“ஒங்க சாமிக்கு மெத்தை போடவா தம்பி? பஞ்சு மெத்தையே வாங்கலாமுல்ல?”

“இல்ல ஆயா, அவரு மாட்டுக் கொட்டாயிலதான் பொறந்தாரு. அவங்க அம்மா அப்பாவுக்குச் சத்திரத்துல எடம் கெடைக்கல.”

ஆயா நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். மராட்டிய ராஜாக்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டிவைத்த சீமை இது. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி காலத்திலிருந்து நிற்கிறது. “மார்கழியில கல்யாணமே கெடையாதே, மண்டபமெல்லாம் சும்மாதானே கெடக்கும்? வாயும் வயிறுமா வந்த புள்ளைக்கா எடமில்லன்னானுவ?” என்று பெத்லகேம்காரர்களை நன்றாக வைதார். இருபது வருஷப் பிரசங்கத்தில் அந்தச் சத்திரக்காரன் மேல் இவ்வளவு கோபப்பட்டு ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. வேதநாயக சாஸ்திரியார் இதே தஞ்சாவூரில் இருந்துகொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடி, அந்த ஊரில் ஒரு குறத்தியையே உலவ விட்டார். இந்த ஆயாவைப் பார்த்திருந்தால் இவருக்கும் ஒரு பதம் கொடுத்திருப்பார்.

மழை விடவில்லை. வீட்டுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தால் சார்ஜ் இல்லை. வெங்காயம், பொத்தான், பதினோரு பாத்திரம், ஸ்டார் லைட்டுக்கு ஒயர் என்று மனசு ஒரு சுற்று ஓடிப் பார்த்தது. ஓடி என்ன செய்ய? முழங்கால் வரை தண்ணீர்.

“அவசரமா தம்பி?”

“பண்டிகை ஆயா. தலைக்கு மேல வேலை.”

அவர் கொட்டகைக்கு வெளியே கையை நீட்டினார். மழைக்குள் பச்சைப் பசேலென்று பொன்மணி நெல் நின்றது. “எங்களுக்கு இப்ப ஒரு வேலையும் இல்ல. உழுதாச்சு, நட்டாச்சு, களை பறிச்சாச்சு. கதிரு பால் பிடிக்குது. நாம போயி பக்கத்துல நின்னா சீக்கிரம் பிடிக்குமா?”

அட்வெந்து என்று எங்கள் சபையில் நாலு ஞாயிறு வைத்திருக்கிறார்கள். ஆகமன காலம், காத்திருக்கிற காலம். சின்ன வயசிலிருந்து அந்த நாலு ஞாயிறும் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை வேலை பாக்கி என்று எண்ணிப் பார்க்கிற நாலு வாரம்தான். காத்திருப்பதும் ஒரு விசுவாசம் என்று ஐயர் சொல்லும்போதெல்லாம் தையற்கடையில் காத்திருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளை பிறக்க வேண்டிய நேரத்தில் பிறக்கும். அதற்கு என் ஸ்டார் லைட் எரிய வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியாத விஷயமா என்றால், வாரா வாரம் விசுவாசப் பிரமாணம் சொல்கிறவன்தான். ஆனால் மாடு அசைபோடுகிற சத்தத்துக்கு நடுவில் அது வேறு மாதிரி விளங்கியது.

மூட்டத்துப் புகை கண்ணைக் கரித்தது. சாணி வாசனை. மேலே ஓலையிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தையே குறிவைத்து விழுந்துகொண்டிருந்தது. வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே வைக்கோலில் சாய்ந்தேன்.

ஆயா எழுப்பியபோது இருட்டிவிட்டது. மழை விட்டிருந்தது. ஒரு கத்தையைப் பிரி முறுக்கிக் கட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “சாமி படுக்கற எடம். நனைக்காமக் கொண்டுபோ” என்றார்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். “ஏங்க, ஒரு கை வைக்கோலுக்கு அஞ்சு மணி நேரமா?” சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் காலரிலிருந்து ஒரு வைக்கோலை உருவி, முகர்ந்து பார்த்துவிட்டு, “எங்கப்பா வீட்டு வாசனை” என்றாள். அதோடு விசாரணை முடிந்தது. வெங்காயத்தைப் பக்கத்து வீட்டு மாமி உரித்து வைத்திருந்தார். மட்டன் பாத்திரம் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லையாம். பொத்தான் இல்லாத சட்டைக்குப் பிள்ளைகள் ஊக்கு குத்திக்கொண்டார்கள். ஸ்டார் எரியவில்லை.

நள்ளிரவில் அவள் கோயிலுக்குப் போனோம். நாலரைக்கு என் கோயில். வெளியே ஏதோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, உள்ளே எங்கள் ஞானப்பாட்டு. ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கியது நினைவிருக்கிறது. நான் தூங்கிவிட்டேன். என்னை எழுப்ப வேண்டிய பொறுப்பில் உட்கார்ந்திருந்தவளும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு லுத்தரன் ஆராதனையில் அவள் இவ்வளவு மனம் ஒப்பி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்து, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தாண்டிப் போனதாகப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.