சின்ன உடம்புக்கு எண்ணூறு கலோரி போதுமா?

கேள்வி: என் உயரம் 4 அடி 10 அங்குலம். எடை 52 கிலோ, வயது 30. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை குறைக்க ஒரு நாளைக்கு 850 கலோரிதான் சாப்பிட வேண்டும் என்று மொபைல் ஆப் சொல்கிறது. "குள்ளமானவங்களுக்கு அது போதும்டி" என்கிறாள் தோழி. உண்மையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தோழி சொல்வது பாதி உண்மை. உடம்பு சிறியதாக இருந்தால் அதன் செலவும் குறைவு. ஆனால் 850 அந்தக் கணக்கில் வந்த எண் அல்ல.

போட்டுப் பார்ப்போம். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்ய ஒரு செலவு உண்டு. அதைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது 1990-இல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜோர் சூத்திரம். பெண்களுக்கு: கிலோவில் எடையை 10-ஆல் பெருக்குங்கள், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். இன்னும் ஒரு 161-ஐக் கழியுங்கள். உங்களுக்கு (147 செ.மீ.) வருவது 1,128. அதோடு எழுவது, குளிப்பது, அலுவலகம் போய் வருவது எல்லாம் சேர்த்தால் சுமார் 1,350.

ஆப் செய்தது இதிலிருந்து 500-ஐக் கழித்ததுதான். '500 குறைத்துச் சாப்பிடு' என்பது பெரிய உடம்புக்குச் சொன்ன பேச்சு. 2,200 செலவழிப்பவர் 1,700 சாப்பிட்டால் தாங்கும். அதே 500-ஐ உங்களிடம் பிடித்தால், படுத்துக் கிடக்கும் செலவுக்கே 280 கலோரி துண்டு விழும். அந்தத் துண்டைக் கொழுப்பு மட்டும் ஈடுகட்டாது, தசையும் கரையும். உடம்பும் சிக்கனத்தில் இறங்கும்: கை கால் சில்லிடும், சோர்வு வரும், மாதவிடாய் தள்ளும்.

அதனால் நீங்கள் சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்து, நடையில் கொஞ்சம் கூட்டுங்கள். உங்கள் எடைக்கு ஒரு மணி நேர நடை சுமார் 130 கலோரியைக் கூடுதலாகச் செலவழிக்கும். அப்போது நாள் செலவு 1,480 ஆகிவிடும். 1,200 முதல் 1,250 வரை சாப்பிட்டாலே மாதம் ஒரு கிலோ போல இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் உயரத்துக்கு ஆரோக்கியமான எடை 40-லிருந்து 50 கிலோவுக்குள். நீங்கள் கடக்க வேண்டிய தூரமே இரண்டு மூன்று கிலோதான். அதற்குப் போய்ப் பட்டினி எதற்கு?

கேள்வி: பெண் என்றால் 1,200 கலோரி என்று எல்லோரும் சொல்கிறார்களே, இந்த எண் யார் வைத்தது?
– வாசகர், காரைக்குடி

பதில்: இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918-இல் அவர் எழுதிய உணவுப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. எடை குறைக்க விரும்பும் பெண்களுக்கு 1,200 என்றார் அவர். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் இதற்குக் கீழே போகாதீர்கள் என்ற எச்சரிக்கையாக இன்று அந்த எண் நிற்கிறது. உங்கள் வீட்டில் உயரமான, ஓடியாடும் பெண் இருந்தால் அவருக்கு 1,200-உம் அரைப் பட்டினிதான்.

கேள்வி: "ஆளே இத்துனூண்டு, உனக்கு எதுக்கு இவ்வளவு சாப்பாடு?" என்று கணவர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, மணப்பாறை

பதில்: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையைக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஆணுக்குத் தேவையான இரும்புச்சத்து 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. இரும்புச்சத்து உயரத்தைக் கேட்பதில்லை, மாதவிடாயைக் கேட்கிறது. கால்சியம் இருவருக்குமே 1,000 மில்லிகிராம். அதில் குள்ளமானவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது.

சின்ன உடம்புக்காரர்களின் உண்மையான சிக்கல் இதுதான். கலோரி குறைவாகப் போதும். சத்து குறைவாகப் போதாது. வருமானம் குறைந்த வீட்டில் ஒவ்வொரு ரூபாயையும் பார்த்துச் செலவழிப்பதுபோல, நீங்கள் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இந்த நிலையில் தட்டில் இருப்பதையும் குறைக்கச் சொல்வது அக்கறை ஆகாது. கணவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: காலையில் இரண்டு இட்லி, கறுப்புக் காபி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் கீரை. சாயங்காலம் ஒரு ஆப்பிள். ராத்திரி எண்ணெய் விடாமல் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். ஆரோக்கியமான சாப்பாடுதானே? பிறகு ஏன் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது? (5 அடி, 47 கிலோ)
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒவ்வொன்றும் நல்ல உணவு, எல்லாம் சேர்ந்தும் ஒரு நாளைக்குப் போதாத உணவு. நீங்கள் எழுதியது மொத்தம் 600 கலோரிக்குப் பக்கத்தில்தான் வரும். புரதத்தைப் பாருங்கள்: இட்லியில், சோற்றில், கீரையில், சப்பாத்தியில் இருப்பதைக் கூட்டினாலும் 20 கிராமைத் தாண்டாது. 47 கிலோ எடைக்குக் குறைந்தது 39 கிராம் வேண்டும். பருப்பு, மீன், பால், முட்டை என்று உடம்பைக் கட்டும் பொருள்கள் ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போய்விட்டன, மிஞ்சியது வெள்ளரிக்காய்.

பட்டினி கிடந்த மாதத்தில் முடி கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால்தான் பலர் தண்ணீரையும் ஷாம்பூவையும் குறை சொல்கிறார்கள்.

இட்லி இருக்கட்டும். கூடவே பருப்பு கெட்டியாக வைத்த சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை (70 கலோரி, 6 கிராம் புரதம்). காபியில் பால் சேரட்டும், சர்க்கரைதான் வேண்டாம். மதியம் ஒரு கிண்ணம் சோறு, முருங்கைக்கீரை போட்ட பாசிப்பருப்புக் கூட்டு, குழம்பு மீன் இரண்டு துண்டு, ஒரு கிண்ணம் தயிர். நாகர்கோவிலில் நல்ல நெத்திலிக்கா பஞ்சம்? முள்ளோடு மென்று சாப்பிடும் மீன், கால்சியம் அதில் தாராளம். மாலையில் ஆப்பிளுக்குப் பதில் சுண்டலும் ஒரு கொய்யாவும்; பயறில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள கொய்யாவின் வைட்டமின் சி உதவும். ராத்திரி கேழ்வரகு அடை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அவை இரும்பு உள்ளே போகாமல் தடுக்கும். இவ்வளவும் 1,300-ஐ ஒட்டித்தான் வரும்.

இன்னொன்று: 5 அடிக்கு 47 கிலோ நல்ல எடை. குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

கேள்வி: 800 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே இல்லை. என் உடம்பு மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் கணக்கில் வராதது நிறைய இருக்கும். 1992-இல் அமெரிக்காவில் இதே புகார் சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, ருசி பார்த்த பாயசம், அலுவலகத்தில் யாரோ நீட்டிய மைசூர்பாகு எதையும் யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியும் உண்மையிலேயே 800 என்றால், குறைப்பதை நிறுத்திவிட்டுத் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?
– வாசகி, சேலம்

பதில்: இது பசியின் வேலை. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, உடல்நலமும் மனநலமும் பார்த்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக நடந்த சோதனை அது. எடையில் கால் பங்கு போனது. போனது எடை மட்டுமல்ல: சிரிப்பு, நட்பு, காதல் எல்லாவற்றிலும் ஆர்வம் போய், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று எழுதவில்லை. முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்தும் இந்த நினைப்பு விடவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் 800 கலோரி கொடுத்துச் சர்க்கரை நோயையே மாற்றினார்களாமே? அது மட்டும் பாதுகாப்பா?
– வாசகர், மதுரை

பதில்: நடந்தது உண்மை. 2017-இல் முடிவு வெளியான டைரக்ட் என்ற ஆய்வில் மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் 825 முதல் 853 கலோரி கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆனால் அதில் சேர்த்தது உடல் நிறை குறியீடு 27-க்கு மேல் உள்ளவர்களை. 147 செ.மீ. உயரம் என்றால் 58 கிலோவாவது இருக்க வேண்டும். கொடுத்தது வைட்டமின், தாது எல்லாம் அளந்து சேர்த்த தயாரிப்பு. சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீங்களாகச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கண்காணிப்பில்லாமல் போனதன் கதையும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் பரவியது. தரம் குறைந்த புரதத்தை மட்டும் குடித்து மாதக்கணக்கில் இருந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது.

கேள்வி: உயரம் 157 செ.மீ., எடை 54 கிலோ, வயது 26. சிக்ஸ் பேக்குக்காக 1,000 கலோரி டயட், தினமும் ஜிம். சரியா?
– வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, நீங்கள் கட்டிலில் படுத்தே கிடந்தாலும் உங்கள் உடம்புக்குச் செலவு 1,396. ஜிம்மை விடாதீர்கள், டயட்டை விடுங்கள்.

கேள்வி: டயட் தொடங்கி மூன்று மாதம். மாதவிடாய் நின்றுவிட்டது. 45 கிலோ, தினமும் ஓடுகிறேன். "எடை குறைஞ்சா அப்படித்தான், தானா வந்துடும்" என்கிறார் ஜிம் பயிற்சியாளர்.
– வாசகி, சென்னை

பதில்: அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

உடற்பயிற்சிச் செலவு போக, கொழுப்பு நீங்கிய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரியாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஐந்தே நாளில் மாதவிடாயை நடத்தும் ஹார்மோன் தடுமாறத் தொடங்குவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 33 கிலோ என்று வைத்தால் 990 கலோரி மிஞ்ச வேண்டும். ஓட்டத்தில் 250 போனால் 1,240 சாப்பிட்டாலும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள். மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். இந்த வயதில் இழந்த எலும்பு முழுதாகத் திரும்புவது கடினம்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், 4 அடி 9 அங்குலம். தோழிகள் 'குண்டு' என்றதிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். திட்டினால் அழுகிறாள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: திட்டுவதை நிறுத்துங்கள் அம்மா, கெஞ்சுவதையும். வளரும் வயதில் எந்தப் பெண்ணுக்கும் கலோரிக் கணக்கு வேண்டாம். எடையைப் பற்றி வீட்டில் யாரும், பாட்டியும் அத்தையும் உட்பட, ஒரு வார்த்தை பேசக் கூடாது. தினம் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்விடுகிறாளா, தொளதொளவென்று உடுத்தி உடம்பை மறைக்கிறாளா, மாதவிடாய் தவறுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ஆறு மாதமாக 700, 800 கலோரிதான். நேற்று எழுந்து நின்றதும் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன். நெஞ்சும் படபடக்கிறது. நாளையிலிருந்து நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடுமா?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: நாளை வரை பொறுக்க வேண்டாம். உங்கள் கடிதத்துக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டோம். உங்களைப் போல இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால் இங்கேயும் அச்சிடுகிறோம். மயக்கமும் படபடப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி, பொட்டாசியம், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் சாப்பாட்டைக் கூட்டுவதையும் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகச் செய்யுங்கள். "ஆறு மாதமாக 800 கலோரிதான் சாப்பிட்டேன்" என்பதை வெட்கப்படாமல் அவரிடம் முதலில் சொல்லுங்கள்.