கண்மாய்க்கு ஐந்து மணி நேரம்

எழுபதுகளில் நான் கல்லூரியில் படித்தபோது சுற்றுச்சூழல் என்று ஒரு பாடம் கிடையாது. நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தது. 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. சேர்ந்தால் முகாமில் மூன்று வேளையும் நல்ல சோறு என்று விடுதியில் பேச்சு. சேர்ந்தேன்.

முகாம், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வறண்ட கண்மாயில். மண்வெட்டியோடு இறங்கி மடைக்கு எதிரிலேயே வெட்ட ஆரம்பித்தோம். ஊர் நீர்ப்பாய்ச்சி ஓடி வந்தார். "தம்பிகளா, இங்க பள்ளம் பறிச்சா கடைசித் தண்ணி பள்ளத்துலயே கெடக்கும், வயலுக்கு ஏறாது. வரத்துக்கால்ல போய் வெட்டுங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்த வயலுக்கு எத்தனை வண்டி வண்டல் போக வேண்டும், கலுங்கை ஒரு கல் உயர்த்தினால் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகாமல் எப்படி அடிதடி வரும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

கல்வி என்று பெயர் பெற்றது மாலையில்தான் நடந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி யூரியாவின் மகிமையையும் டி.டி.டி. தெளிக்கும் முறையையும் விளக்கினார், கை தட்டினோம். நீர்ப்பாய்ச்சியும் பின்வரிசையில் நின்று தட்டினார். அவரைப் பேசச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஊர் ஊருணியில் எல்லாருமா தண்ணீர் எடுத்தார்கள்? இல்லை. அதைப் பற்றியும் எந்த உரையிலும் ஒரு வரி இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பிறகு நாடு விழித்துக்கொண்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. சொன்னது கல்லூரி வகுப்பறைக்கு வந்து சேர 2003-இல் இன்னொரு முறை அதட்ட வேண்டியிருந்தது. (இதற்கிடையே மதுரையில், உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாயில் எழும்பி 2004-இல் திறக்கப்பட்டது. பாடம் மாணவர்களுக்குத்தானே!)

அப்போது நான் வரலாற்று ஆசிரியர். வாரத்தில் வகுப்பு குறைவாக இருந்த பாவத்துக்கு அந்தத் தாள் என் தலையில் விழுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடத்திட்டம் 50 வகுப்புகள். அதில் ஆறு, குளம், மலைச்சரிவு, பறவை, பூச்சி, அசுத்தமான ஓர் இடம் என எல்லாவற்றையும் வெளியே போய்ப் பார்க்க ஒதுக்கியது 5. எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. அந்த ஐந்தும் பெரும்பாலும் செமினாருக்கோ விளையாட்டு விழாவுக்கோ போய்விடும். களப்பணி நோட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும்; ஒரு நோட்டில் உட்கார்ந்த மீன்கொத்தி அறுபது நோட்டுகளிலும் உட்கார்ந்திருக்கும். தூர்ந்து போய்ப் பேருந்து நிலையமான குளத்திலும் அது மீன் பிடித்தது. நானும் மதிப்பெண் போட்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றவன், ஆகவே கருத்தாளன். 'நிலைத்த வளர்ச்சிக்கான கல்வி' என்று ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி நடக்கும் இடங்களுக்கு அழைக்கிறார்கள். அங்கே அடிக்கடி காதில் விழுவது சமூகக் கூட்டுறவு. உன்னத் பாரத் திட்டத்தில் ஒரு கல்லூரி ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும். நேற்று முளைத்த கல்லூரி, பாண்டியர் காலத்துக் கல்வெட்டு உள்ள ஊரைத் தத்தெடுக்கிறது! ஊராட்சித் தலைவரோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், மரக்கன்று நடும்போது இடக்குறி பதிந்த புகைப்படம், எல்லாம் தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட வேண்டிய கோப்பில். கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றியதற்குப் புகைப்படம் யாரும் கேட்பதில்லை.

போன பயிற்சியில் ஒரு பி.எட். மாணவி எழுந்தாள். ஊர் நீர்நிலை ஆய்வுக்கான படிவத்தைக் காட்டி, "ஐயா, இந்த ஊருணியில முன்னாடி யாரையெல்லாம் தண்ணி எடுக்க விடலன்னு எங்க பாட்டி சொன்னாங்க. அதை எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்றாள். ஒருங்கிணைப்பாளர் பதறிப் போய், "இதரன்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதுல எழுது" என்றார்.

கோப்பு, படிவம், இடக்குறி இத்தனையையும் நான் கேலி செய்தாலும் எங்கள் முகாமில் யாரும் கேட்காத கேள்வி அது. கூலியில்லாமல் மண் சுமந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை; மதிப்பெண்ணுக்காகப் படிவம் நிரப்ப வந்தவள் கேட்டுவிட்டாள். அந்த அளவுக்கு இந்தப் பாடம் தேறிவிட்டது என்றுதான் சொல்வேன்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் தத்தெடுத்த ஊரில் மடை திறக்கும் ஆள் யார் என்று விசாரியுங்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடுங்கள், கூட்டத்தைக் கண்மாய்க் கரையில் வையுங்கள், அந்தப் பெண்ணின் பாட்டியையும் கூப்பிடுங்கள். கருத்தாளர் மதிப்பூதியத்தை அவர்கள் இருவருக்குமே கொடுத்துவிடுங்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது.