துடைப்பக்கட்டையின் பங்காளி

பெறுநர்: பொதுச் செயலாளர், உலகச் சுங்க அமைப்பு, பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: 9603-ஆம் தலைப்பிலிருந்து என் சவரப் பிரஷ்ஷை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சரக்கு வகைப்பாட்டுப் பட்டியல், அத்தியாயம் 96.

மதிப்பிற்குரிய ஐயா,

துடைப்பம், மாப்பு, இறகுத் துடைப்பான், சுண்ணாம்படிக்கும் பிரஷ், பெயின்ட் உருளை, கண்ணாடியில் தண்ணீர் வழிக்கும் ரப்பர் பட்டை. தங்கள் 9603-ஆம் தலைப்பில் குடியிருப்பவர்கள் இவர்கள். அந்த வீட்டின் உள்ளறையில், 9603.29 என்ற கதவிலக்கத்தில், நகம் தேய்ப்பதும் கண்ணிமை வாருவதும் பக்கத்தில் நிற்க, என் புதுச் சவரப் பிரஷ்ஷையும் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். கேலிக்குச் சொல்வது. அதை 1988 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் செல்லுபடியாக்கிய பெருமை தங்களுடையது.

பிரஷ்ஷைத் தாங்கள் நேரில் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். போர்ச்சுகலில் கையால் செய்தது. பிடி ஆலிவ் மரம், கடைசல் வேலை. கனம் முழுக்க அடியில் தங்குவதால் ஈரக் கையிலும் நழுவவில்லை. குஞ்சம் பன்றி முடி. ஒரு பிடி முடியை எடுத்து, நுனி கீழே இருக்கும்படி குழிந்த அச்சுக்குள் தட்டித் தட்டி இறக்கி, தலை உருண்டு வந்ததும் அடியைக் கட்டிப் பிசின் வைப்பார்கள். கத்தரி அடிப்பக்கத்தில் படலாம். நுனியில் பட்டால் போச்சு. பன்றி முடியின் நுனி இயற்கையிலேயே பிளந்திருக்கும். கன்னத்துக்கு மென்மையும் நுரைக்குப் பிடிமானமும் அந்தப் பிளவில்தான் இருக்கின்றன.

தங்கள் அத்தியாயத்தின் 3-ஆம் குறிப்போ, பிடியில் பொருத்தாமல் வரும் குஞ்சத்தை வரையறுக்கும்போது, மேல்நுனியை வெட்டி வடிவாக்குவதைச் சில்லறை வேலைகளின் கணக்கில் சேர்க்கிறது. சில்லறை வேலை! தயவுசெய்து அந்த வரியைப் பிரஷ் கட்டுகிற யாரிடமும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். துடைப்பத்துக்கு அது பொருந்தலாம். தரையில் குத்தி நுனியைச் சமன் செய்தால் அதற்கு வலிக்காது.

தங்கள் கட்சிக்குச் சாதகமானதையும் மறைக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்ததும் குளியலறை கொட்டிலாக மணத்தது. குழைத்த சோப்பையெல்லாம் குஞ்சமே குடித்துவிட்டு, முகத்துக்குப் பேருக்குக் கொஞ்சம் நுரை விட்டுக்கொடுத்தது. கன்னத்தில் சுற்றியபோது யாரோ என் முகத்தை வாசல்போலப் பெருக்குகிறார்கள் என்றே தோன்றியது. போதாததற்கு முடியும் உதிர்ந்தது. அந்த நேரத்தில் தங்கள் அதிகாரி ஒருவர் உள்ளே வந்திருந்தால், 9603 என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தியிருப்பார்.

ஆனால் பன்றி முடி பழகும் சரக்கு. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, நுனி இன்னும் பிளந்து இளகிக்கொண்டே போகும். துடைப்பம் நாளாக ஆகத் தேய்ந்து கட்டையாகும். இது நாளாக ஆகக் கனியும். முதல் வாரத்தை மட்டும் பார்த்து இனம் பிரிக்கலாமா?

வரலாற்றிலும் துடைப்பம் இதற்கு ஈடில்லை. முதல் உலகப் போரில், சவரப் பிரஷ்ஷுக்கு உதவும் பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்குத் தட்டுப்பாடு வந்ததும், குதிரை முடியைப் பேட்ஜர்போலக் காட்டி மலிவாக விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியோடு ஆந்த்ராக்ஸ் கப்பலேறியது. விஷவாயு முகமூடி முகத்தில் இறுகப் பொருந்த வேண்டுமே என்று சிரத்தையாக மழித்த சிப்பாயின் கன்னத்திலேயே அது புண்ணாக எழுந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. 1920-இல் பிரிட்டன் ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதிக்கே தடை போட்டது. ஆக, சுங்கத் துறை கைநடுங்கிப் பிரிக்க வேண்டியிருந்த பொருள் இது. மாப்பைப் பார்த்து எந்தத் துறைமுகம் பயந்தது?

வேறு வீடே காலியில்லை என்று தாங்கள் சொல்லவும் முடியாது. இதே அத்தியாயத்தில் சீப்புக்கு 9615 என்று தனி வீடு. பவுடர் பஃப்புக்கு 9616. கூடவே சென்ட் தெளிப்பானின் வாசனையான சகவாசம். 2017-இல் 9620 என்று புதிதாக ஒன்று கட்டி, கேமரா முக்காலியையும் செல்ஃபி குச்சியையும் குடியேற்றினீர்கள். முகத்தைப் படம் பிடிக்கும் குச்சிக்குக் கிடைத்த கௌரவம், முகத்தைப் படத்துக்குத் தயார் செய்யும் பிரஷ்ஷுக்குக் கிடையாது. பட்டியலின் அடுத்த பதிப்பு 2028-இல் நடைமுறைக்கு வருகிறது. அதில் இடமில்லையென்றால் அதற்கடுத்த பதிப்புவரை காத்திருக்கிறேன். பிரஷ் அதுவரை நன்றாகவே உழைக்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம். பன்றி முடி, பேட்ஜர் முடி, பிரஷ் செய்ய உதவும் மற்ற முடி, அவற்றின் கழிவு எல்லாம் 0502 என்கிறது தங்கள் பட்டியல். கட்டி முடித்தால் 9603. சரி, கட்டிய குஞ்சத்திலிருந்து என் கன்னத்தில் உதிர்ந்த முடி எது? அது கழிவு என்றால் 0502-க்குத் திரும்ப வேண்டும். பிரஷ்ஷின் பாகம் என்றால் துடைப்பத்தோடு போக வேண்டும். நானாக ஒரு எண்ணை எழுதிப் பொய்க் கணக்குக் காட்டியவன் ஆக விரும்பாததால், சரக்கையே தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாதி மழித்த முகத்துடன்,
ஒரு பயனாளர்.

இணைப்பு: உதிர்ந்த முடி, காகித உறையில் (சோப்பு ஈரம் இன்னும் காயவில்லை, சோப்புக்குரிய தலைப்பைத் தாங்களே சேர்த்துக்கொள்ளவும்).