ஃபர்ஸ்ட் காப்பிக்கு ஒரு வக்காலத்து

கையில் ஃபர்ஸ்ட் காப்பி ரோலெக்ஸ் கட்டியவனைப் பற்றி ஊர் ஒரே தீர்ப்புதான் வைத்திருக்கிறது: பவுசுக்காரன், ஆளை ஏமாற்றப் பார்க்கிறான். இந்தத் தீர்ப்பில் பாதியை நான் ஏற்கவில்லை. பவுசு இருக்கலாம், யாருக்குத்தான் இல்லை? ஏமாற்று என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை, அதுவும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் ஊரான குலசேகரத்தில். அங்கே அரசமூடு சந்திப்பில் நின்று ஒருவன் கையைத் தூக்கி மணி பார்த்தால், அவனுக்கு எத்தனை மூடு ரப்பர் இருக்கிறது, அதில் எத்தனை வெட்டாமல் நிற்கிறது, அடகு வைத்த நகையை என்றைக்குத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் எதிரே டீ குடிக்கிறவருக்குத் தெரியும். இத்தனை தணிக்கையாளர்கள் சூழ்ந்த ஊரில், பத்து லட்ச ரூபாய் வாட்ச் என்று அவன் யாரை நம்பவைப்பான்? உண்மையில் இங்கே சங்கடப்பட வேண்டியவர் அசலைக் கட்டியவர்தான். துபாயில் பில்லோடு வாங்கி, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்கத் தீர்வையும் கட்டிவிட்டு வந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், பக்கத்தில் நிற்கிறவர் கேட்பது ஒன்றுதான்: “மக்கா, இது எங்க கிட்டும்? நானூறா, ஐநூறா?” பில்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டா அலைய முடியும்? காப்பிக்காரனுக்கு அந்தக் கவலை கிடையாது. கேட்டால் விலையைச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறான்.

ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் திரிகிறவனுக்காக நான் வாதாடவில்லை. அவன் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளட்டும். காப்பிகளைத் தேடிச் சேர்த்து, கூட்டாளிகளோடு உட்கார்ந்து அவற்றின் குற்றங்குறைகளை அலசுகிற ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். அசலை வைத்திருக்கும் செல்வந்தரிடம் வாட்சைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், விலையைச் சொல்வார். இவர்களிடம் கேட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். தேதிக்கு மேல் ஒட்டியிருக்கும் குமிழ்க் கண்ணாடி இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும், தன்னுடையது ஒன்றரையோடு நின்றுவிட்டது என்பான் ஒருவன். 2000-களின் தொடக்கத்திலிருந்து ரோலெக்ஸ் கண்ணாடியில் 6 மணிக்கு நேரே மிகச் சிறிய கிரீடம் ஒன்றை லேசரால் பொறிக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாது. என்னுடையதில் கிரீடம் பளிச்சென்று தெரிகிறது என்று இன்னொருவன் வருத்தப்படுவான். நன்றாகத் தெரிவதுதான் அதன் குற்றம்! செகண்ட் முள்ளுக்கு வந்தால் பேச்சு இன்னும் நீளும். இன்றைய ரோலெக்ஸ் மெஷின்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன, அதாவது செகண்டுக்கு 8. அதனால் முள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். பேட்டரி வாட்சில் முள் செகண்டுக்கு ஒரு தாவல் தாவும். ரோலெக்ஸில் முள் தாவினால் டூப்ளிகேட் என்பது சென்னை பர்மா பஜாரில் எல்லாரும் படித்த பாலபாடம். ஆனால் ரோலெக்ஸ் கம்பெனியே 1977-இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று ஒரு பேட்டரி வாட்சை இறக்கி, ஏறக்குறைய கால் நூற்றாண்டு விற்றது. அதன் முள் தாவும். பாலபாடத்தோடு நின்றவன் அந்த அசலைக் கண்டு கைகொட்டிச் சிரித்திருப்பான். சேகரிப்பவன் மெஷினின் பூர்வீகத்தை விசாரிப்பான். குறை இருக்கிற வரைக்கும்தான் இவர்களுக்குப் பேச்சு. ஒரு பிசகும் இல்லாத காப்பி நாளைக்கே சந்தைக்கு வந்துவிட்டால் சபை கலைந்துவிடும், அவரவர் வீட்டு வேலையைப் பார்க்க வேண்டி வரும்.

காப்பி என்றாலே கேவலம் என்கிறவர்களுக்குக் குலசேகரத்துக்காரர் வாயைத் திறக்க வேண்டாம், தோட்டத்தைக் காட்டினால் போதும். ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். அது முறைப்படி நடந்ததா, கடத்தலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆக, மூலமே கொஞ்சம் இடக்கானது. பிறகு கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகத்தை உருவாக்கி 1980-இல் சாகுபடிக்கு விட்டது. ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் ஒட்டி, அதிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டி, தோட்டம் தோட்டமாகப் பெருக்கினார்கள். ஒரே மரத்தின் நகல்களை மலைச்சரிவு முழுக்க நட்டு, விடியுமுன் தலையில் விளக்கோடு போய்ப் பால் வெட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர், ஒருவன் மணிக்கட்டில் இருக்கும் நகலைப் பார்த்து மூக்கைச் சுளிக்கலாமா? இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1980-இல் சுவிட்சர்லாந்தில் ஹூப்ளோ என்ற கம்பெனி தங்க வாட்சுக்கு இயற்கை ரப்பர் பட்டையை மாட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஒரு கிலோ ஷீட் இருநூறு ரூபாயைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அங்கே அதே சரக்கு தங்கத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்டதும் லட்சக் கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: ரப்பர் மரத்தில் யாரும் கிரீடம் பொறிப்பதில்லை.

அந்தக் கிரீடம்தான் எதிர்க்கட்சியின் வலுவான வாதம். அடுத்தவன் பெயரைத் திருடுவதல்லவா இது? திருட்டுதான், இதைச் சிரித்து மழுப்ப முடியாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104 பிரிவுகள், பொய்ச் சின்னம் இடுகிறவருக்கும் அந்தச் சரக்கை விற்கிறவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கின்றன. கட்டிக்கொள்கிறவனைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. அதற்காக அவன் யோக்கியன் என்று ஆகிவிடாது, விற்கிறவன் பிழைப்பது இவன் காசில்தான். ஆனால் இவனால் ரோலெக்ஸுக்கு வியாபாரம் போயிற்று என்று யாராவது கண்ணீர் விட்டால் நான் துடைக்கப் போவதில்லை. பணத்தைக் கையில் வைத்திருக்கிறவரையே சில மாடல்களுக்குப் பெயர் எழுதிக் காத்திருக்கச் சொல்கிற இடம் அது. மணி காட்டும் சாமானை வாங்குவதற்குக் காலண்டரைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

உண்மையான கேடு வேறு இடத்தில் நடக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் ஜனதா, தினமும் சாவி கொடுக்க வேண்டிய எளிய வாட்ச், பேரிலேயே ஜனங்கள். 2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்ததும் பழைய வாட்சுகளுக்குக் கிராக்கி ஏறியது. பழைய மெஷினை எடுத்து, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கிடைத்த முள்ளை மாட்டி, அந்தக் காலத்து அசல் என்று விற்கிற தொழிலுக்கும் யோகம் அடித்தது. இப்படித் தேற்றிய வாட்சுகளுக்குச் சேகரிப்பவர்கள் மும்பை ஸ்பெஷல் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழைபாழைகளுக்கென்று அரசாங்கம் செய்த வாட்சுக்கே டூப்ளிகேட்! ஐநூறு ரூபாய் ரோலெக்ஸில் ஏமாற ஆளில்லை, ஜனதாவில் நிஜமாகவே ஏமாறுகிறார்கள், அதுவும் அப்பாவின் ஞாபகத்துக்காக வாங்குகிறவர்கள். டயலில் எழுத்து தடித்திருக்கிறது, முள் நீளம் சரியில்லை, வாங்காதே என்று கையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவன் யார்? குறை பார்த்துப் பார்த்தே கண் பழகிய நம் காப்பிக்காரன்தான்.

அந்தக் காசுக்கு நேர்மையான வாட்ச் ஒன்றை வாங்கலாமே என்பது கடைசி ஆட்சேபம். தாராளமாக வாங்கலாம். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் ஓசூரில் இருக்கிறது. 2002-இல் வந்த அதன் எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். நேரம் பிசகக் கூடாது என்பவருக்கு கேஸியோ எஃப்-91டபிள்யூ போதும், மாதத்துக்கு 30 செகண்ட் தள்ளாடினால் அதிகம். ரோலெக்ஸ் தன் வாட்சுக்குச் சொல்கிற கணக்கு நாளொன்றுக்கு 2 செகண்ட் கூடவோ குறையவோ. மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பிளாஸ்டிக் வாட்ச் முந்திவிடும். ஆகவே இந்த ஜாதி வாட்சை, அசலோ நகலோ, மணி பார்க்க யாரும் வாங்குவதில்லை. கதைக்காக வாங்குகிறார்கள். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.77 கோடி டாலருக்குப் போயிற்று, நம் காசில் நூறு கோடிக்கு மேல். அந்த மாதிரி டயல் புதிதில் கடையில் சீந்துவாரற்றுக் கிடந்தது என்பதுதான் கதையின் சுவாரசியம். அசல்காரர் கதையைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டகத்தில் பூட்டுகிறார். நம்மவன் அதே கதையை டீக்கடையில் சும்மா சொல்கிறான்.

ஆகவே சேர்க்கிறவர்கள் சேர்க்கட்டும். கைமாறும்போது மட்டும் காப்பி என்று சொல்லிக் கொடுங்கள், பிரிவு 104 உங்களைத் தேடி வரும்படி வியாபாரத்தில் இறங்காதீர்கள். அப்புறம், டயலில் சப்மரைனர் என்று எழுதியிருக்கிறதே என்று அதைக் கட்டிக்கொண்டு திற்பரப்பு அருவியில் போய் நிற்க வேண்டாம். அசல் 300 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். காப்பியில் அந்த 300 டயலில் மட்டும்தான் இருக்கிறது.